ஐ.டி. வேலையை விட்டுச் சொந்தத் தொழிலுக்கு வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, திண்டிவனம் பக்கம் மரச்செக்கு எண்ணெய்த் தொழிலுக்கு வந்தவன் நான். வந்ததில் எனக்கு வருத்தமில்லை; ஆனால் வந்த விதத்தில் செய்த தவறுகளின் சுமையை என்னோடு என் வீட்டாரும் இரண்டு ஆண்டுகள் சுமந்தார்கள். இப்போது பழைய நண்பர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் தொலைபேசியில் அழைத்து, எப்போது பேப்பர் போடலாம், அதாவது ராஜினாமாக் கடிதம் கொடுக்கலாம் என்று கேட்கிறார்கள். பேசியவர்களில் துணிச்சல் இல்லாதவர் என்று ஒருவரையும் நான் பார்க்கவில்லை. விடும் வேலையைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார்கள்; போகும் வேலையைப் பற்றி மிகக் குறைவாகவே யோசித்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவையே.

இரவு பதினோரு மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசி முடித்துவிட்டு, இந்த வாழ்க்கை வேண்டாம் என்று தோன்றுவது உண்மையான உணர்வுதான். ஆனால் அது களைப்பா, மேலாளர் மீதுள்ள கசப்பா, வேறொரு வேலையின் மீதுள்ள பற்றா என்று அந்த நேரத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மூன்று வாரம் விடுப்பு எடுத்து நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அந்த எண்ணம் அப்படியே இருந்தால் அதைப் பின்தொடரலாம். பிரிவு மாறியதும் அது மறைந்துவிட்டால், தேவைப்பட்டது வேறு பிரிவுதான்.

அடுத்த தவறு, புதிய வேலையை அதன் சாதாரண நாட்களில் பார்க்காமலே அதில் இறங்குவது. நான் செக்கைப் பார்க்கப் போனதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், விருந்தாளியாகத்தான். வாகை மரச் செக்கு மெதுவாகச் சுற்றுவதையும், புது எண்ணெயின் வாசனையையும் பார்த்து மயங்கியிருந்தேன். நிலக்கடலைப் பருப்பு வாங்கும் இடத்தில் நிற்கவே இல்லை. தொழில் தொடங்கிய முதல் மாதம் பத்து மூட்டை பருப்பு இறக்கினேன். பக்கத்தூரில் முப்பது ஆண்டுகளாகச் செக்கு ஓட்டும் பெரியவர் ஒருவர் வந்து, மூட்டைக்குள் கைவிட்டு அடியிலிருந்து நாலு பருப்பை எடுத்து, ஒன்றைப் பல்லில் கடித்தார். "சத்தம் வரலியே தம்பி, ஈரம் இன்னும் இருக்குது" என்றார். காய்ந்த பருப்பு படக்கென்று உடையும். ஈரப் பருப்பு பல்லில் நசுங்கும். ஈரப் பருப்பை ஆட்டினால் எண்ணெய் குறையும், கசடு மிகும். அப்படியே அடுக்கி வைத்தால் பூசணம் பிடிக்கும், அந்தப் பூசணத்தின் நஞ்சு உடம்புக்குக் கேடு. அந்தப் பத்து மூட்டையையும் களத்தில் கொட்டிக் காயவைத்தபோது எடை குறைந்தது. குறைந்த எடைக்கும் சேர்த்துத்தான் நான் பணம் கொடுத்திருந்தேன். பதினோரு ஆண்டு அனுபவம் இருந்தும், அந்தக் களத்தில் நான் முதல் நாள் பயிற்சியாளன்தான்.

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரை முன்னுதாரணமாகச் சொல்லி வேலையை விட நினைக்கும் இளைஞர்கள் பலர். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலையில் இருந்த அவர், அங்கு நடந்த ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவவில்லை என்று உணர்ந்து 1960களின் இறுதியில் வெளியேறினார் என்பது பலருக்கும் தெரியும். அதன் பிறகு களக்காட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் விவசாயிகளோடு இருந்து வேலை செய்தார் என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. கரூர் மாவட்டத்தில் அவருடைய இயற்கை வேளாண் பண்ணையான வானகம் உருவானது அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான். ஆகவே வேலையில் இருக்கும்போதே, போக விரும்பும் தொழிலில் உள்ள ஒருவரிடம் குறைந்தது ஒரு பருவமாவது, விடுப்பு நாட்களைச் சேர்த்து வைத்தாவது, கூலியாள் போல நின்று கற்றுக்கொள்ளுங்கள். பயிர் வைக்கப் போகிறவருக்கு ஒரு விதைப்பும் ஒரு அறுவடையும், கடை வைக்கப் போகிறவருக்கு ஒரு தீபாவளியும் அதற்கடுத்து வரும் மந்தமான மாதமும் தெரிந்திருக்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, ஆறு மாதச் செலவுக்குக் கையில் இருந்தால் போதும் என்று கணக்குப் போடுகிறோம். வீட்டுச் செலவை மட்டும் எண்ணி, தொழில் விழுங்கும் பணத்தை எண்ணாமல் விடுவதுதான் இதிலுள்ள பிழை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பருப்புக்கே 325 ரூபாய் ஆகிறது. புண்ணாக்கு விற்ற காசு செக்கு ஆட்டும் கூலியையும் மின்கட்டணத்தையும் ஓரளவு ஈடுகட்டும். பாட்டில், போக்குவரத்து, வாடகை எல்லாம் அதற்கு மேல். 80 கிலோ மூட்டை பத்து வாங்கினால் 1,04,000 ரூபாய் ரொக்கமாக எண்ணி வைக்க வேண்டும். எண்ணெயை எடுக்கும் கடைக்காரரோ ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத்தான் பணம் தருவார். விற்பனை கூடக் கூடக் கையிருப்பு கரைவதை முதன்முதலாகப் பார்த்தபோது நான் திகைத்துப் போனேன். வீட்டுக்கு ஓராண்டுச் செலவைப் பள்ளிக் கட்டணம், மாதத் தவணை, காப்பீட்டுக் கட்டணம் எல்லாம் சேர்த்துத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, தொழிலுக்கான முதலீட்டை வேறொரு கணக்கில் வையுங்கள். நான் இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தேன். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு இருந்த பணம் ஒரு நாள் பருப்பு மூட்டையாகிவிட்டது; என் மனைவி தன் வளையலை அடகு வைத்துத்தான் அந்தப் பருவக் கட்டணத்தைக் கட்டினார். அவரிடம் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் காட்டியிருந்தால், இவ்வளவு வரைதான், அதற்கு மேல் வேண்டாம் என்று ஓர் எல்லை வைத்திருப்பார். வீட்டில் சம்மதம் வாங்குவது என்றால் இந்தத் தொகையையும் எல்லையையும் சேர்த்துப் பேசி வாங்குவதுதான்.

பேப்பர் போடும் தேதியைக் கோபம் முடிவு செய்யக் கூடாது. நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்க ஐந்து ஆண்டுப் பணி வேண்டும். நாலரை ஆண்டு முடித்தவர் சில மாதம் பொறுப்பதே நல்லது. கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய், பணி பத்து ஆண்டு என்றால், மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, ஓர் ஆண்டுக்கு 15 நாள் வீதம் பெருக்கும் கணக்கின்படி 2,30,769 ரூபாய் வரும். வருங்கால வைப்பு நிதியோடு (பி.எஃப்.) இணைந்த ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுப் பணி தேவை. ஐந்து ஆண்டுத் தொடர் பணி முடியாமல் வைப்பு நிதியை எடுத்தால் வரி உண்டு. முடிந்திருந்தாலும் அதைத் தொழிலில் போட வேண்டாம் என்பதே என் கருத்து.

நிறுவனம் தந்த குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். பெற்றோருக்குச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால், புதிய காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். ஆகவே வேலையில் இருக்கும்போதே தனிக் காப்பீடு எடுத்துவிடுங்கள், அல்லது குழுக் காப்பீட்டிலிருந்து தனிக் காப்பீட்டுக்கு மாறும் வழியைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேளுங்கள். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருப்பவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும்: சொந்தத் தொழில் செய்பவரிடம் வங்கிகள் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்கும்.

கசப்போடு வெளியேறுவதும் தவறுதான். என் முதல் நாற்பது வாடிக்கையாளர்களில் முப்பது பேருக்கு மேல் பழைய அலுவலகத்தினர். மீண்டும் சம்பள வேலைக்குப் போக நேர்ந்தாலும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அப்படிப் போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இரண்டாம் ஆண்டில் நானே எட்டு மாதம் பகுதி நேரமாக மென்பொருள் சோதனை வேலை செய்துதான் செக்கை நிறுத்தாமல் ஓட்டினேன்.

கடைசி நாளில் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்கும் முன், சம்பளச் சீட்டுகளையும் நிறுவனம் தரும் வருமான வரிப் பிடித்தச் சான்றிதழையும் சொந்த மின்னஞ்சலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வைப்பு நிதிக் கணக்கில் அலுவலகக் கைப்பேசி எண் இருந்தால் சொந்த எண்ணுக்கு மாற்றுங்கள். பணியிலிருந்து விடுவித்த கடிதம் கைக்கு வரும்வரை விடாமல் கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து வைப்பு நிதி இணையதளத்தில் நீங்கள் வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் பதியாமல் விட்டிருந்தால் நீங்களே பதிய அங்கேயே வழி இருக்கிறது.