மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டி வீடு வாங்குமுன் விலையை எடைபோடும் முறை

விமான நிலையம் விரிவடைந்தால் சுற்றுவட்டாரத்தில் எல்லா வீடுகளும் விலை ஏறிவிடும் என்று தரகர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். 2016இல் வந்த மெட்ரோ ரயிலும் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய முனையமும் மீனம்பாக்கத்துக்கு உண்மையான வசதிகளே. ஆனால் அவற்றின் பயன் எல்லாத் தெருக்களுக்கும் ஒரே அளவில் சேர்வதில்லை.

முதலில், வரைபடத்தில் முதன்மை ஓடுபாதையின் இரு முனைகளையும் நேர்கோடாக நீட்டிப் பாருங்கள். வீடு அந்தக் கோட்டின்கீழ் வருகிறதா என்பது, நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட முக்கியம். பொழிச்சலூரில் ஒரு மொட்டைமாடியில் நின்று விலை பேசிக்கொண்டிருந்தபோது, விமானம் கடக்கும்வரை நானும் விற்பவரும் வாய்மூடி நிற்க வேண்டியிருந்தது. விமானங்கள் காற்றை எதிர்த்தே ஏறி இறங்குவதால், பருவக்காற்று திசை மாறும்போது இறங்கும் பக்கமும் மாறும். எனவே ஆடியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை, அதுவும் இரவில் சென்று இரைச்சலைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, பலரும் தவறவிடும் உயர வரம்பு. எந்தப் பகுதியில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்று காட்டும் இந்திய விமான நிலைய ஆணையத்தின் வண்ண மண்டல வரைபடத்தில் காணும் உயரம் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது. உதாரணமாக, அனுமதி 50 மீட்டர், மனையின் தரைமட்டம் 16 மீட்டர் என்றால், தண்ணீர்த் தொட்டியும் லிஃப்ட் அறையும் உட்பட 34 மீட்டர்தான் எழுப்ப முடியும். பழைய அடுக்குமாடிக் குடியிருப்பை இடித்துக் கட்டும்போது கூடுதல் தளங்கள் கிடைத்தால்தான் உங்கள் பிரிக்கப்படாத பாகத்துக்கு (மனை நிலத்தில் உங்களுக்குள்ள பங்குக்கு) நல்ல விலை வரும் என்பதால், இந்த ஒரு கணக்கே பல லட்சங்களைத் தீர்மானித்துவிடும்.

பிறகு, அதே தெருவின் சில மனைகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, விரிவாக்க அறிவிப்புக்கு முன்னும் பின்னும் பதிவான தொகைகளை ஒப்பிடுங்கள். பத்திரத்தில் காட்டிய தொகை கைமாறியதைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதால், தனித்தனித் தொகையை விடுத்து ஏற்றத்தின் போக்கை மட்டும் கவனியுங்கள்.

2022இல் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு இடமாக அறிவிக்கப்பட்ட பரந்தூர்ப் பக்கம் மனை வாங்குவோருக்கு மேலும் ஒரு வேலை உண்டு. அங்குள்ள ஏகனாபுரம் கிராம மக்கள் தங்கள் வீடும் வயலும் போய்விடும் என்றுதான் போராடி வருகிறார்கள். விலை ஏறும் என்று காட்டப்படும் மனையே கையகப்படுத்தும் எல்லைக்குள் இருக்கக்கூடும். முன்பணம் கொடுக்குமுன் புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் காட்டி, அது கையகப்படுத்தும் பட்டியலில் உள்ளதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.