மூட்டு வலியா? நடையை நிறுத்தாதீர்கள்

பால்மரம் வெட்டி, செம்பனைக் குலை தூக்கிய கால்கள் ஒரு வயதுக்கு மேல் முரண்டு பிடிப்பது சுங்கை சிப்புட் பக்கம் புதிதல்ல. "வலிச்சா பேசாம உட்காருங்க" என்று பிள்ளைகள் பாசமாகச் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். மூட்டுக் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசையும்போதுதான் உள்ளே இருக்கும் திரவம் அதற்குச் சத்தைக் கொண்டு சேர்க்கும்.

பசியாறிய பிறகு நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 விநாடி வைத்திருந்து இறக்குங்கள். காலுக்கு 10 தடவை போதும். தொடைத் தசை வலுத்தால் முட்டிக்குச் சுமை குறையும். அப்புறம் கடைவரிசையின் ஐந்தடியில் (கடை முன்னால் கூரை போட்ட நடைபாதையில்) 10 நிமிட நடை. மழைக்கும் வெயிலுக்கும் அதுவே வசதி. சிலிப்பர் வேண்டாம், சப்பாத்து போடுங்கள். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள். பலர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்!

நடந்து 2 மணி நேரம் கழித்தும் வலி கூடுதலாகவே இருந்தால், மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். மூட்டு திடீரென்று வீங்கி, சிவந்து சுட்டால் நடை வேண்டாம், உடனே கிளினிக்குக்குப் போங்கள்.