தோப்பு வண்டிக்கு ஜெனரேட்டர் வாங்கப் போறீங்களா?

அழகர்கோயில் பக்கம் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு. சித்தப்பாவுக்கு முழங்கால் தேய்ந்துபோனதிலிருந்து காவலுக்கு நடக்க முடியவில்லை. ஒரு ரிசார்ட்டில் கழித்துவிட்ட நாலு சீட்டு பேட்டரி காரை வாங்கிப் போட்டேன். கோல்ஃப் மைதானத்தில் ஓடுகிற அதே ஜாதிதான்: எட்டு வோல்ட் பேட்டரி ஆறு, மொத்தம் 48 வோல்ட், 150 ஆம்பியர் அவர்.

தோப்பில் இருப்பதோ இலவச விவசாய இணைப்பு. அதை வேறு காரியத்துக்கு எடுத்தால் 2003 மின்சாரச் சட்டப்படி மாட்டிக்கொள்வோம். "ஒரு வயரைச் சொருகினா எவனுக்குத் தெரியப் போகுது?" என்றார் சித்தப்பா. மாட்டேன் என்றுவிட்டேன். தனி இணைப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. மின்கம்பம் நட்டு லைன் வரும்வரை ஜெனரேட்டர்தான்.

முதல் தடவை ஏமாந்தேன். கடையில் போய் "நாலு சீட்டு வண்டிண்ணே" என்றேன். அவர் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒன்றைத் தூக்கி வைத்து "ரெண்டு கேவிஏ, தாராளமாப் போதும்" என்றார். கேவிஏ என்றால் மிஷின் தாங்குகிற சுமையின் அளவு. சித்திரை வெயிலில் அரைமணி ஓடியதும் இன்ஜின் திணற ஆரம்பித்தது. சார்ஜர் டிக் டிக்கென்று விட்டு விட்டுப் பிடித்தது. விடிந்து பார்த்தால் பாதி சார்ஜ்கூட ஏறவில்லை. பிறகுதான் ஸ்டிக்கரைப் படித்தேன்: அதிகபட்சம் 2 கேவிஏ, தொடர்ந்து ஓட 1.6. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, நான்தான் தப்பான கேள்வி கேட்டிருக்கிறேன்.

வண்டிக்கு எத்தனை சீட்டு, மோட்டார் எத்தனை குதிரை என்பதெல்லாம் இங்கே வேலைக்கு ஆகாது. சார்ஜரின் முதுகில் இருக்கும் தகட்டைப் பாருங்கள். என்னுடையதில் இன்புட் 230 வோல்ட், 8 ஆம்பியர் என்று இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 1840 விஏ, அதாவது 1.84 கேவிஏ. அதன் மேல் கால்வாசி சேர்த்தால் 2300. ஆக, தொடர்ந்து 2.5 கேவிஏ கொடுக்கிற மிஷின் வேண்டும். அந்தக் கால்வாசி எதற்கு என்றால், மதுரை வெயிலில் இன்ஜின் சொன்ன பலத்தைக் கொடுக்காது. டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய சார்ஜரோ, சுவிட்ச் போட்ட நொடியில் ஒரு இழுப்பு இழுக்கும். கொடைக்கானலில் ஓட்டப் போகிறவர்கள் இன்னும் கூட்டி வாங்குங்கள். 2100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு; இன்ஜின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

அடுத்து, என்ன ஜாதி ஜெனரேட்டர்? சாதாரண மிஷினில், ஈ.பி. கரண்டு மாதிரி 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலை) வர இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றியாக வேண்டும். சுமை ஏறிச் சுற்று குறைந்தால் ஹெர்ட்ஸும் குறையும். ம்ம்ம் என்று ரீங்காரம் போடும் கனமான சார்ஜர்களுக்கு அது ஆகவே ஆகாது, உடனே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் இந்தத் தொல்லை இல்லை. இன்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் வெளியே வருவது சுத்தமான 50. விலை கூடுதல்தான். ஆனால் சார்ஜ் ஏற ஏற ஆம்பியர் இறங்கும் அல்லவா, அப்போது அதன் இன்ஜினும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சத்தமும் கம்மி, மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, மாடு மிரளவில்லை.

பெட்ரோல் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் அதிர்ந்துபோவார்கள். பேட்டரி பாதி இறங்கியிருந்தால் 3.6 யூனிட். வீணாவதைச் சேர்த்து நாலரை யூனிட் கொடுக்க வேண்டும். என் மிஷின் லிட்டருக்கு ஒன்றரை யூனிட் தருகிறது. மூன்று லிட்டர், முந்நூறு ரூபாய்க்கு மேல். ஈ.பி. கரண்டு யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் நாற்பத்தைந்துதான். அதனால் முக்கால்வாசிக்கு மேல் ஏறியதும் நிறுத்திவிடுவேன்; கடைசிக் கால்வாசிக்கு நேரம்தான் அதிகம் பிடிக்கும். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் முழுசாக ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரித் தகட்டில் சல்பேட் படிந்து, ஆறும் சீக்கிரமே போய்விடும்.

வாங்குமுன் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சார்ஜரை மட்டும் கடைக்குத் தூக்கிப் போய்ப் பிரயோஜனமில்லை, பேட்டரி இல்லாமல் அது சுமை இழுக்காது. ரெண்டாம் தடவை, குட்டி யானையில் ஏற்றித் தோப்புக்கே கொண்டுவரச் சொன்னேன். வாடகை என் செலவு. மத்தியானம் ரெண்டு மணி வெயிலில், நன்றாக இறங்கிய பேட்டரியோடு ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துத்தான் பணம் கொடுத்தேன்.

மோட்டார் ரூமுக்குள் வைத்து ஓட்டவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, ஆளைச் சாய்த்துவிடும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வேறு கிளம்பும். அதனால் வண்டி வேப்பமரத்தடியில், ஜெனரேட்டர் இருபதடி தள்ளி. நடுவில் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், 16 ஆம்பியர் பிளக். ஜெனரேட்டரைப் பம்புசெட் போர்டில் சொருகி, ஈ.பி. லைனுக்குள் கரண்டைத் திருப்பி விடுகிற வேலை வேண்டாம். லைனில் ஏறியிருக்கும் ஆள் செத்துப்போவான்.

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது சார்ஜ் ஏறிய பிறகு. முன்னாலேயே ஊற்றினால் பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் முதலில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் ஜெனரேட்டர் மாதக்கணக்கில் சும்மா கிடக்குமென்றால், பெட்ரோல் குழாயை மூடி, கார்பரேட்டர் காலியாகித் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருவதால் தண்ணீர் சேரும். போன ஐப்பசியில் இதை மறந்துவிட்டு, தை மாதம் சித்தப்பாவும் நானும் மாறி மாறிக் கயிறு இழுத்தோம்.