லோயி ஃபுல்லரைக் காப்பாற்றுகிறோம் என்று நாம் செய்யும் தவறுகள்

லோயி ஃபுல்லர், துணியையும் வண்ண விளக்குகளையும் வைத்தே நடனம் படைத்த அமெரிக்கக் கலைஞர். அவர் கலையைக் காப்பாற்ற நினைக்கும் நாமே சில தவறுகள் செய்கிறோம். யூடியூபில் அவர் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். வெள்ளைத் துணியைச் சுழற்றி ஆடும் ஒரு பெண், துணியின் நிறம் நொடிக்கு நொடி மாறும் பழைய படம் ஒன்று வரும். 1890களில் லூமியேர் என்ற பிரெஞ்சுப் பட நிறுவனம் எடுத்தது. அதில் ஆடுவது ஃபுல்லர் இல்லை. எடிசன் கம்பெனி எடுத்த படத்தில் ஆடுபவரும் அனபெல் என்ற வேறொருவர். அவற்றை ஃபுல்லர் என்று பகிர்வதுதான் முதல் தவறு, எனக்கு மிகவும் வலிக்கிற தவறும் அதுதான். துணியை வளைத்து வளைத்துச் சுழற்றும் தன் ‘பாம்பு நடன’த்தை (Serpentine Dance) நகலெடுத்தவர் மீது 1892இல் நியூயார்க்கில் வழக்குப் போட்டவர் ஃபுல்லர். கதை சொல்லாத வெறும் அசைவுக்குக் காப்பிரைட் கிடையாது என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. அப்படிப்பட்டவரின் பெயரை இன்னொருவர் படத்துக்குக் கீழே எழுதலாமா?

அடுத்தது, உடையை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. 1894இல் அவர் பேட்டன்ட் வாங்கிய உடை அது. துணிக்குள் இரண்டு நீளக் குச்சிகள் இருக்கும். அவற்றைப் பிடித்துத்தான் அத்தனை பட்டுத் துணியையும் தலைக்கு மேல் எழுப்ப வேண்டும். ஒரு மெல்லிய புடவையையும் இரண்டு மூங்கில் குச்சிகளையும் எடுத்துக்கொண்டு நீங்களே சுழற்றிப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை கெஞ்சும். அந்த உழைப்பை ஒரு உடலிலிருந்து இன்னொரு உடலுக்குத்தான் கற்றுக்கொடுக்க முடியும். அப்புறம் வெளிச்சம். இருட்டு மேடை, பக்கங்களிலிருந்து வண்ண விளக்குகள், சில நடனங்களில் கண்ணாடித் தரைக்குக் கீழிருந்தும் ஒளி. எந்த விளக்கு எப்போது நிறம் மாற வேண்டும் என்பதும் நடனத்தின் பாதிதான். மீட்டுருவாக்கம் செய்பவர்கள் மேடை முழுக்க ஒரே வெளிச்சத்தைப் போட்டால் மிஞ்சுவது துணி மட்டுமே.

நவீன நடனத்தின் முன்னோடி என்று புகழப்படும் இசடோரா டங்கனின் கதையில் ஒரு வரியாக ஃபுல்லரைச் சுருக்குவதும் சரியில்லை. 1902இல் டங்கனைத் தன் குழுவோடு ஐரோப்பியப் பயணத்தில் சேர்த்துக்கொண்டவரே ஃபுல்லர்தான்.

ரேடியம் பூசிக்கொண்டு ஆடினார் என்ற கதையையும் பரப்ப வேண்டாம். ரேடியத்தால் ஒளிரும் வண்ணத்துப்பூச்சி இறக்கை செய்ய முடியுமா என்று அவர் ரேடியத்தைக் கண்டுபிடித்த கியூரி தம்பதிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார், அது நடக்காத காரியம் என்று அவர்கள் பக்குவமாக விளக்கினார்கள். அந்த நன்றிக்காக அவர்கள் வீட்டிலேயே ஆடிக் காட்ட வந்தார். சாதாரணச் சாப்பாட்டு அறை அது. அங்கேயும் முதலில் மின்பணியாளர்கள் வந்து மணிக்கணக்கில் விளக்குகளைப் பொருத்தினார்கள், அதற்குப் பிறகுதான் அவர் ஆடினார்.