வயதா, தலைமுறையா? வளர்ச்சி ஆய்வுக்கு முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

வயது ஏற ஏற மனிதர்கள் எப்படி மாறுகிறார்கள் என்று ஆராயப் போகிறீர்களா? ஆட்களைத் தேடும் முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"20 வயதுக்காரர்களுக்கும் 60 வயதுக்காரர்களுக்கும் நினைவாற்றலில் என்ன வித்தியாசம்?" என்பது ஒரு கேள்வி. "ஒருவரின் நினைவாற்றல் 20 முதல் 60 வரை எப்படி மாறுகிறது?" என்பது வேறு கேள்வி. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

படி 2: வித்தியாசம் மட்டும் போதுமென்றால் குறுக்குவெட்டு ஆய்வு

பல வயதினரை ஒரே காலகட்டத்தில் சோதிக்கலாம், சீக்கிரம் முடியும். ஆனால் இன்று 60 வயதில் இருப்பவர் வளர்ந்த காலம் வேறு, அவருக்குக் கிடைத்த படிப்பு வேறு. அதனால் மதிப்பெண் குறைவு வயதால் வந்ததா, பிறந்த காலத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது.

படி 3: மாற்றம் வேண்டுமென்றால் நெடுக்குவெட்டு ஆய்வு

அதே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். நியூசிலாந்தின் டனீடனில் 1972-73இல் பிறந்த 1,037 பேரை ஆய்வாளர்கள் இன்றும் தொடர்கிறார்கள். 45 வயதுச் சோதனைக்கு, உயிரோடிருந்தவர்களில் 94 சதவீதம் பேர் வந்தார்கள். எனக்கு மிகப் பெரிய வியப்பு இதுதான், ஏனென்றால் பல ஆய்வுகளில் பாதி வழியிலேயே ஆட்கள் விலகிவிடுவார்கள். நலமாக இருப்பவர்களே மிஞ்சினால் முடிவு அழகாகத் தெரியும், ஆனால் தவறாக இருக்கும். ஒரே தேர்வைப் பலமுறை எழுதிய பழக்கமும் மதிப்பெண்ணைக் கூட்டும்.

படி 4: இரண்டையும் சேர்த்துக் கட்டம் போடுங்கள்

அமெரிக்காவின் சியாட்டிலில் உளவியலாளர் வார்னர் ஷாய் 1956இல் தொடங்கிய ஆய்வு இப்படிப்பட்டது. 7 ஆண்டுக்கு ஒருமுறை பழையவர்களைச் சோதித்து, புதியவர்களையும் சேர்த்தார். வெவ்வேறு வயதினரை ஒப்பிட்டபோது அறிவுத்திறன் சீக்கிரமே சரிவதுபோலத் தெரிந்தது. அதே ஆட்களைத் தொடர்ந்தபோதோ, பெரும்பாலான திறன்கள் ஏறக்குறைய 60 வயது வரை தாக்குப்பிடித்தன.

தாளில் இப்படி எழுதிப் பாருங்கள்:

2000இல் பிறந்தவர்: 2020இல் 20 வயது, 2030இல் 30 வயது
2010இல் பிறந்தவர்: 2020இல் 10 வயது, 2030இல் 20 வயது

20 வயது இரண்டு இடத்தில் வருகிறது, பார்த்தீர்களா? அந்த இரண்டு குழுவுக்கும் இடையே வித்தியாசம் வந்தால், அதற்கு வயது காரணமல்ல. தலைமுறையோ, சோதித்த காலமோதான் காரணம்.

படி 5: கையில் இருக்கும் காலத்தைப் பாருங்கள்

ஓராண்டுதான் இருக்கிறதா? சரி, குறுக்குவெட்டே செய்யுங்கள். அப்புறம் முடிவை எழுதும்போது "வயதாக ஆக நினைவாற்றல் குறைகிறது" என்று எழுதாமல், "மூத்த குழுவின் மதிப்பெண் குறைவாக இருந்தது" என்று எழுதுங்கள்.