கோடைக்கானல் பனிமூட்டத்தைத் திரையில் இறக்குவது எப்படி

மழைக்காலக் காலையில் கோடைக்கானலில் மலைச்சரிவு ஓரமாகப் போகும் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் நின்றால் கைப்பிடிக் கம்பி பளிச்சென்று இருக்கும், கீழே சரிவில் நிற்கும் மரம் பாதி கரைந்திருக்கும், அதற்கப்பால் பள்ளத்தாக்கு என்று ஒன்று இருப்பதே தெரியாது. இதை ஒரு கேம் காட்சியில் கொண்டுவர நான் முதலில் செய்தது, படம் முழுக்க ஒரு வெள்ளைப் படலத்தைப் பரப்பியதுதான். அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்ததுபோல் இருந்தது. பனி நமக்கும் மரத்துக்கும் நடுவில் கிடக்கிறது, அதனால் தூரத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

பனிக்குள் வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு மீட்டரும் ஒரே விகிதத்தைக் குறைத்துவிடும். மிஞ்சுவது எக்ஸ்ப்(−அடர்த்தி × தூரம்); எக்ஸ்ப் என்பது e (சுமார் 2.718) என்ற எண்ணை அடைப்புக்குள் இருக்கும் அடுக்குக்கு உயர்த்துவது. அடர்த்தி 0.02 என்று வைத்தால் ஏறக்குறைய 35 மீட்டருக்கு ஒருமுறை பாதியாகும். மரத்தின் நிறம் சிவப்பு 40, பச்சை 90, நீலம் 50, பனியின் நிறம் 200, 206, 210 என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் நிறத்தை மிச்சத்தாலும் பனியின் நிறத்தை (1 − மிச்சம்) என்பதாலும் பெருக்கிக் கூட்டினால் போதும். 35 மீட்டரில் மரம் 120, 148, 130 ஆகிவிடும், 70 மீட்டரில் 160, 177, 170. சிவப்பை மட்டும் பாருங்கள்: 40, 120, 160, அடுத்த 35 மீட்டரில் 180. பனியை நெருங்கிக்கொண்டே போகிறது, ஆனால் முழுதாகத் தொடுவதில்லை.

சரி, அடர்த்திக்கு என்ன எண் கொடுப்பது? கண்ணால் பார்த்தே முடிவு செய்யலாம். 1924-இல் கோஷ்மீடர் என்ற ஜெர்மானிய வானிலை அறிஞர் காட்டிய வழி இருக்கிறது: ஒரு கரிய பொருள் கண்ணுக்குத் தெரியும் கடைசித் தூரத்தை மீட்டரில் எடுத்து, 3.912-ஐ அதால் வகுக்க வேண்டும். 200 மீட்டர் வரை தெரிந்தால் 0.0196. ஏரிக்கரையில் நின்று எதிர்க்கரை மரங்கள் எவ்வளவு தூரத்தில் மறைகின்றன என்று பார்த்தாலே அன்றைய எண் கிடைத்துவிடும்.

இரண்டு இடங்களில் தவறிவிடுவோம். தூரம் என்று கேமராவின் நேர்முக ஆழத்தை, அதாவது கேமரா பார்க்கும் திசையில் மட்டும் அளந்த தொலைவை எடுத்தால், தலையைத் திருப்பும்போது திரை ஓரத்தில் பனி கூடிக் குறையும். எனக்கு இரண்டு நாள் போனது இதில்தான். கேமராவுக்கும் பொருளுக்கும் இடையிலான மூன்று அச்சு வித்தியாசங்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், பழைய பித்தகோரஸ்தான். அப்புறம், திரையின் 0–255 எண்கள் வெளிச்சத்தின் நேர் அளவு இல்லை. மேலே புரிவதற்காக அப்படியே கலந்தேன். நிஜத்தில் 255-ஆல் வகுத்து, 2.2 அடுக்குக்கு உயர்த்தி, கலந்து, பிறகு திருப்பிக் கொண்டுவாருங்கள். அப்படியே கலந்தால் பனி மங்கி அழுக்காகத் தெரியும்.

நம் மலையில் மேலே வெயிலும் கீழே மேகமுமாக இருக்கும் காட்சி வேண்டுமென்றால், அடர்த்தியை உயரத்துக்கேற்பக் குறைக்க வேண்டும். பார்வைக் கோட்டை 16 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் உயரத்துக்கான அடர்த்தியை அதன் நீளத்தால் பெருக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைக் கழித்தல் குறியோடு எக்ஸ்ப்புக்குள் கொடுங்கள். துண்டுகள் குறைந்தால் மேக விளிம்பில் பட்டை பட்டையாகக் கோடு விழும், அப்போது 32 ஆக்கிப் பாருங்கள்.