நாய்க்கு வீட்டுச் சாப்பாடு: கறியும் சோறும் மட்டும் போதாது

கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை, புளியரை பக்கம் நாய் வளர்க்கும் வீடுகளில் கடைத் தீனி வாங்குபவர்கள் குறைவு. வீட்டில் என்ன சமைக்கிறோமோ அதில்தான் அதற்கும் பங்கு. மிஞ்சிய சோறு, மேலே கொஞ்சம் குழம்பு, ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிக்கடையிலிருந்து கோழிக் காலும் கழுத்தும். வீட்டில் சமைத்துப் போடுவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். என்ன போடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது, நாயும் விரும்பித் தின்கிறது. ஆனால் சில தவறுகள் வீட்டுக்கு வீடு அப்படியே நடக்கின்றன. சில, நாயை ஒரே வாரத்தில் படுக்க வைத்துவிடும். சில, வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் எலும்பைக் கரைக்கும்.

இந்த இரண்டாவது வகையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத்தான் யாரும் நம்புவதில்லை. “தினமும் கறி போடுகிறோம், இதுக்கு மேல என்ன வேணும்?” என்பார்கள். கறியில் புரதம் இருக்கிறது, பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது, கால்சியம் மட்டும் இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. சோறும் அந்தக் குறையை ஈடு செய்யாது. நாயின் உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், இரு மடங்கு வரை போகலாம். வெறும் கறியில் பாஸ்பரஸ்தான் பத்து மடங்குக்கு மேல். ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடக் கூடாது என்று உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை எடுக்கத் தொடங்கும்.

வளர்ந்த நாயில் இது வெளியே தெரிய நாளாகும். குட்டியில் சீக்கிரம் தெரிந்துவிடும். எங்கள் தெருவில் ஒரு ராஜபாளையம் குட்டிக்கு மூன்று வேளையும் கோழிக்கறியும் சோறும்தான். நன்றாகத் தின்றது, வயிறு நிறைந்தே இருந்தது. ஆனால் முன்னங்கால்கள் மெல்ல வெளிப்பக்கம் வளைந்தன, பாதம் தரையில் தட்டையாகப் படிந்தது, திண்ணைப் படி ஏறும்போது முனக ஆரம்பித்தது. எக்ஸ்ரே எடுத்தபோது, பளிச்சென்று வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்பு சதையோடு சதையாக மங்கிக் கிடந்தது.

கால்சியக் குறைக்கு முட்டை ஓடு போதும். ஓட்டைக் கழுவிப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டு, மிக்சியில் அரைத்துச் சலித்து வையுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறக்கக் கூடாது, திருநீறு மாதிரி இருக்க வேண்டும். அரை டீஸ்பூன் பொடியில் ஏறக்குறைய 1 கிராம் கால்சியம் இருக்கிறது. வளர்ந்த, ஆரோக்கியமான நாய்க்கு அரைக் கிலோ சாப்பாட்டுக்கு அரை டீஸ்பூன் என்று தொடங்கலாம். குட்டிக்கு இந்தக் கணக்கு வேண்டாம். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு வளர்ச்சி கெடும், அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி, சாளை மீன். மலையாளத்தில் மத்தி. குடலை எடுத்துவிட்டுக் குக்கரில் நன்றாக வேகவிட்டால் நடுமுள்ளே விரலில் மாவாக நசுங்கும். கால்சியமும் கிடைக்கும், ஒமேகா-3யும் கிடைக்கும். பச்சையாகப் போடாதீர்கள். சில பச்சை மீன்களில் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும், வேகவைத்தால் அது செயலிழந்துவிடும்.

கால்சியம் சேர்த்தாலும் துத்தநாகம், வைட்டமின் டி, ஈ போன்றவை குறையலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 95 சதவீதக் குறிப்புகளில் குறைந்தது ஒரு சத்தாவது போதவில்லை. ஆகவே நாய்களுக்கென்றே விற்கும் வைட்டமின், தாது மருந்து ஒன்றை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாம் போடுகிற மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது வேண்டாம்.

“தாத்தா காலத்து நாய் கம்மங்கூழ் குடிச்சே வேட்டைக்குப் போச்சே” என்று கேட்பார்கள். அந்த நாய் கூழ் மட்டுமா தின்றது? வயக்காட்டில் எலி பிடித்தது, முயலை எலும்போடு தின்றது. இன்றைக்குச் சங்கிலியில் கட்டிக் கிடக்கும் நாய்க்கு நாம் தட்டில் வைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. அதற்காக அரிசியே ஆகாது என்று ஒதுக்குவதும் தவறு. மனிதனோடு வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் நாய்க்கு ஓநாயைவிடப் பல மடங்கு கூடியிருக்கிறது. மட்டை அரிசியோ வெள்ளை அரிசியோ, குழைய வேகவைத்தால் சரி.

அடுத்தது குழம்பு. எங்கள் பக்கத்துக் குழம்பில் வெங்காயம், பூண்டு, புளி மூன்றும் இல்லாமல் இருக்காது. மூன்றுமே நாய்க்கு ஆகாது. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களை உடைக்கின்றன. வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே ரத்தத்தைப் பாதிக்கும், அதாவது 10 கிலோ நாய்க்கு 150 கிராமே ஆபத்து. பூண்டுக்கு வீரியம் இன்னும் அதிகம். தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அதற்குள் என்ன போட்டோம் என்பதே நமக்கு மறந்திருக்கும்.

புளி விஷயம் பலருக்குப் புதிதாக இருக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் விலங்கு நச்சு மருத்துவர்கள் 2021-ல் முன்வைத்தார்கள். புளியின் புளிப்பும் அதே அமிலம்தான். புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானதும் பதிவாகியிருக்கிறது. தாங்கும் அளவு நாய்க்கு நாய் மாறும் என்பதால் புளிக்குழம்பு, ரசம், மீன்குழம்பு எதையும் சோற்றில் ஊற்றாதீர்கள். கறியையோ மீனையோ தாளிப்பதற்கு முன்பே, வெறும் தண்ணீரில் வெந்த நிலையில் நாயின் பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள். ஒரு துளி மஞ்சள் இருந்தால் பரவாயில்லை. உப்பு, மிளகாய் வேண்டாம்.

மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, புழங்கும் வீடுகளில் ஒரு எச்சரிக்கை. பச்சைக் கிழங்கிலும் தோலிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோலைச் சீவி, நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிய கிழங்கு என்றால் கொஞ்சம் கொடுக்கலாம். சீவிய தோலைக் கொல்லையில் நாய் எட்டும் இடத்தில் போடாதீர்கள்.

வெந்த கோழி எலும்பு கூர்கூராக உடையும், தொண்டையிலும் குடலிலும் குத்தும். கழுத்தெலும்பு சின்னதுதானே என்று போட வேண்டாம். பிரியாணியில் மிஞ்சிய கொழுப்பு, கோழித் தோல், ஆட்டுக் கொழுப்பு எல்லாம் கணையத்தை வீங்க வைக்கும், தீபாவளி, பக்ரீத் மறுநாள் வாந்தியோடு வரும் நாய்கள் பல இப்படித்தான். ஈரல் நல்லது, ஆனால் தினமும் கிண்ணம் நிறைய என்றால் வைட்டமின் ஏ மிதமிஞ்சிவிடும். முட்டையை வேகவைத்தே கொடுங்கள். பாலில் வயிறு போகும் நாய்க்குப் பால் சோறு வேண்டாம், புளிக்காத தயிர் சிறிது தரலாம். சாக்லேட்டும், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சர்க்கரையில்லாத சூயிங்கமும் நாய்க்கு விஷம்.

அளவிலும் ஒரு தப்புக் கணக்கு உண்டு. 10 கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 600 கலோரி என்றால் 20 கிலோ நாய்க்கு 1,000 போதும், இரட்டிப்பு வேண்டாம். அந்த 10 கிலோ நாய்க்குத் தோல் நீக்கி வேகவைத்த கோழிக்கறி 200 கிராம், சோறு 150 கிராம், வெந்த பூசணியோ பீன்ஸோ ஒரு கைப்பிடி, ஒரு டீஸ்பூன் எண்ணெய், அதோடு ஓட்டுப் பொடி, சத்து மருந்து. இரண்டு வேளையாகப் பிரித்துப் போடலாம். விலாவைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாட்டு வேட்டை நாய் இனங்களுக்கு விலா கண்ணுக்கே தெரியும், அது அவற்றின் உடல்வாகு, பட்டினி என்று நினைத்துக் கொழுக்க வைக்காதீர்கள்.

பழைய சாப்பாட்டிலிருந்து மாறும்போது ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். குட்டி, சினை நாய், சிறுநீரகமோ கணையமோ கெட்ட நாய் என்றால் மேலே சொன்ன பொதுக் கணக்கு பொருந்தாது. திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உள்ளூர் மருத்துவரையும் கேட்கலாம். போகும்போது அந்த வாரம் போட்டதையெல்லாம் கிராம் கணக்கில் எழுதிக்கொண்டு போங்கள். நடுவில் கொடுத்த பிஸ்கட், பிள்ளைகள் கையால் ஊட்டிய மிக்சர் வரைக்கும் அதில் இருக்கட்டும்.